கட்டிலைக் கொடுத்தவர்



1839 குளிர்காலம். பிரான்ஸில் ஸான் ஸெர்வான் என்ற ஊர். கண் தெரியாத, பாதி உடல் வழங்காத ஒரு மூதாட்டியைத் தூக்கிவந்து தன் கட்டிலில் படுக்கவைத்தார் ஜான் ஜுகான். அவரும் வீட்டுவேலை செய்து பிழைத்தவர்தான். கூட இருந்தவர்கள் ஒரு வயதான பெண், தாய் தகப்பன் இல்லாத ஓர் இளம்பெண். மூவரும் உழைத்ததைப் பங்குபோட்டார்கள். போதாதபோது ஜான் கூடையோடு வீடு வீடாகப் போய்க் கேட்டார். 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' சபை இப்படித்தான் தொடங்கியது. கொழும்பிலும் அவர்கள் முதியோரைப் பராமரிக்கிறார்கள்.

என்னைத் தொட்டது பிறகு நடந்தது. பொறுப்பிலிருந்த பாதிரியார் அவரை ஓரங்கட்டி, ஸ்தாபகர் தானே என்றார். கடைசி 27 வருடமும் ஜான் ஒரு மூலையில். பக்கத்தில் இருந்த இளம் சகோதரிகளுக்கே தெரியாது, தங்கள் சபையைத் தொடங்கியவர் இவர்தான் என்று. 1879இல் காலமானார்.

நம்ம ஊரில் ஐந்து கிலோ அரிசி கொடுத்தாலும், வாங்குகிறவரின் முகத்தோடு போட்டோ வருகிறது. (நானும் லைக் போட்டிருக்கிறேன்.) உம்மா பொதி வாங்கும் படம் வந்தபிறகு என் வகுப்புப் பிள்ளை ஒன்று இரண்டு நாள் பாடசாலைக்கே வரவில்லை.

நோன்புக்குப் பொதி கட்டும் சகோதரிமாரே, இந்தமுறை போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவோமா?