பாய் விரித்த கோடை



பள்ளிகளுக்கு விடுமுறை விட்டாயிற்று. பங்கு இல்லத்து முற்றத்தில் பிள்ளைகளின் ஆரவாரம் எழத் தொடங்கிவிட்டது. ஆண்டுதோறும் இவ்வொலி காதில் விழும்போதெல்லாம் நம் நெஞ்சில் உப்புக்காற்று ஒன்று வீசுவது வழக்கம். 1982-ஆம் ஆண்டு மே மாதத்தில், பன்னிரண்டாம் வயதில், முத்துக்குளித்துறையின் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் நாம் கழித்த பத்து நாட்களைப் பற்றி இம்மாதம் எழுத விழைகின்றோம்.

அக்கடற்கரை அன்று நெல்லை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தூத்துக்குடி மாவட்டம் 1986-இல்தான் பிரிந்தது. அவ்வூர்ப் பங்குத் தந்தை, உள்நாட்டுப் பங்குகளிலிருந்து பூசைக்கு உதவும் சிறுவர் பன்னிருவரை வரவழைத்து, தம் ஊர்ச் சிறுவர் பன்னிருவரோடு சேர்த்துப் பாய்மர வள்ளம் ஓட்டப் பழக்கினார். நாமோ வயல் சூழ்ந்த ஊரில், மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தோம். அதற்குமுன் கடலைக் கண்டதே இல்லை.

முதல் இரவிலேயே நம் சிறுமை வெளிப்பட்டது. பள்ளிக்கூடக் கொட்டகையில் வரிசையாகப் பாய்கள் விரித்திருந்தனர். உள்ளூர்ச் சிறுவன் ஒருவன் நம் அருகில் வந்து படுத்தான். மீன் வாடை வீசுகிறது என்று சொல்லி, நாம் பாயைச் சுருட்டிக்கொண்டு மறுகோடிக்குப் போய்விட்டோம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஒரே திருப்பந்தியில் அப்பம் உண்பவர்களே ஒருவர் பக்கத்தில் ஒருவர் படுக்கத் தயங்கிய காலம் அது. பெரியவர்களிடம் நாம் கற்ற பாடம்தான். ஆயினும் அன்று அதை ஒப்பித்தது நம் வாயே.

1907 ஆகஸ்டில், இங்கிலாந்தின் பூல் துறைமுகத்திலுள்ள பிரவுன்சீ தீவில், பேடன் பவல் ஒரு சோதனை முகாம் நடத்தினார். செல்வர் பயிலும் பள்ளிகளின் மாணவரும் உழைப்பாளர் வீட்டுச் சிறுவரும், ஏறத்தாழ இருபது பேர், அங்கே ஒன்றாகக் கூடாரத்தில் தங்கினர். சாரணர் இயக்கம் அதிலிருந்தே வளர்ந்தது. நம் பங்குத் தந்தையின் உள்ளத்திலும் இத்தகைய எண்ணமே இருந்திருக்க வேண்டும் என இன்று உணர்கின்றோம். கடலைக் காட்டுவதைவிட, ஒருவரையொருவர் காட்டுவதே அவர் நோக்கம்.

எங்களைப் பயிற்றுவித்தவர் எழுபதை எட்டிய ஒரு கடலோடி. எல்லாருக்கும் அவர் தாத்தா. விடியற்காலைத் திருப்பலியும் கஞ்சியும் முடிந்ததும் மணலில் அமர்ந்து பாடம் தொடங்குவார். பாயைத் தாங்கும் கழி பருமல், அதை ஏற்றி இறக்கும் கயிறு ஆஞ்சான், காற்றுக்கேற்பப் பாயை இழுத்தும் தளர்த்தியும் பிடிக்கும் கயிறு தாமான், முன்முனை அணியம், திசை திருப்புவது சுக்கான். வேதபாடத்தைவிட விரைவாக இவற்றை மனப்பாடம் செய்தோம்.

கட்டுமரம் ஏன் மூழ்குவதில்லை என்று கேட்டோம். "உள்ளே தண்ணீர் நிற்க இடமிருந்தால்தானே மூழ்கும்?" என்றார். எடை குறைந்த மரங்களை இணைத்துக் கட்டிய அதன் மேல் அலை ஏறினாலும், நீர் இடுக்குகளின் வழியே வடிந்துவிடும். இத்தமிழ்ச் சொல்லை ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளிவந்த தம் பயண நூலிலேயே குறித்திருக்கிறார் என்பதைப் பின்னர் குருமடத்தில் படித்தபோது, தாத்தாவின் முகமே நம் கண்முன் நின்றது.

காற்றின் பாடமும் உண்டு. இரவில் நிலம் விரைவாகக் குளிர்வதால் விடியலில் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். மீன்பிடிப்போர் அதில் பாய் விரித்துப் போவர். பகலில் நிலம் சூடேறியதும் காற்று கடலிலிருந்து கரைக்குத் திரும்பும். அது அவர்களை வீடு சேர்க்கும். காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாய்மரக்கலமும் ஓடாது. சாய்வாக இப்புறமும் அப்புறமும் மாறி மாறிச் சென்றே முன்னேற வேண்டும். நடுக்கடலில் இடமறிய, கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை ஒன்றன் நேரே ஒன்றாக வைத்துப் பார்ப்பர். மணப்பாட்டுக் குன்றின்மேல் 1581-இல் எழுந்த திருச்சிலுவை ஆலயத்தைத் தாத்தா எங்களுக்கு அப்படித்தான் காட்டினார். புயலில் முறிந்த கப்பலின் பாய்மரத்தைச் சிலுவையாக்கிப் போர்த்துக்கீசியக் கப்பல் தலைவர் ஒருவர் அக்குன்றில் நட்டார் என்பது அவ்வூர் மரபு.

எட்டாம் நாள் பிற்பகல். வள்ளத்தில் ஆறு சிறுவர், சுக்கானில் தாத்தா. தாமான் நம் கையில். அதை ஒருபோதும் கட்டி வைக்கலாகாது என்பதே அவர் முதல்நாள் இட்ட கட்டளை. "ஏலே மக்கா, காற்றோடே மல்லுக்கு நிற்காதே. அது கேட்கும்போது கயிற்றை விட்டுக் கொடு. பிறகு வாங்கிக்கொள்ளலாம்" என்பார். நமக்கோ கை வலித்தது. வலிக்கிறது என்று சொல்ல வெட்கம். அவர் பார்க்காத வேளையில் கயிற்றைக் குறுக்குப் பலகையில் கட்டிவிட்டு, பிடித்திருப்பதுபோல் கையை வைத்திருந்தோம்.

திடீரென ஒரு காற்று அறைந்தது. "விடு! விடு!" என்று தாத்தா கூவினார். முடிச்சு இறுகிப்போயிருந்தது. வள்ளம் சாய்ந்து நீர் மொண்டு கவிழ்ந்தது. நாம் பாயின் அடியில் அகப்பட்டோம். எத்திசையில் எழும்பினாலும் தலையில் துணி முட்டியது. மூச்சு முடியும் தறுவாயில் ஒரு கை நம் தலைமயிரைப் பற்றி இழுத்தது. முதல் இரவில் நாம் விட்டு விலகிய அதே சிறுவனின் கை அது. உடன் வந்த கட்டுமரத்தார் எங்கள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டனர். ஓர் உயிருக்கும் சேதமில்லை.

வள்ளத்தைக் கரைசேர்த்து நிமிர்த்தியதும், பலகையில் ஈரத்தோடு இருந்த முடிச்சைத் தாத்தா குனிந்து பார்த்தார். "யார் கட்டியது?" என்றார். நம் நா எழவில்லை. "நான்தான் தாத்தா" என்றான் அச்சிறுவன். அவனுக்கு நல்ல வசை கிடைத்தது. நாம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

அன்றிரவு உறக்கமில்லை. மறுநாள் திருப்பலிக்கு முன்னரே தாத்தாவின் குடிசைக்குச் சென்று உண்மையைச் சொல்லி அழுதோம். அவர் வலையிலிருந்து கண்ணெடுக்காமல், "அது மாடு கட்டுகிற முடிச்சு, மக்கா. கடற்கரைப் பயல் எவனும் அப்படிக் கட்டமாட்டான். நேற்றே தெரியும். உன் வாயால் வரட்டும் என்றுதான் இருந்தேன்" என்றார். அன்று பிற்பகல் தாமானை மீண்டும் நம் கையிலேயே கொடுத்தார். பின்னாளில் ஒப்புரவுத் தொட்டியில் அமர்ந்து பிறர் குறைகளைக் கேட்கும்போது, அந்தக் கயிறே நம் நினைவுக்கு வரும். மன்னிப்பு என்பது குற்றத்தை மறப்பது மட்டுமன்று. கைவிட்டவனை நம்பி மீண்டும் கயிற்றைக் கொடுப்பதுமாகும்.

ஆனால் அச்சிறுவனிடம் ஒரு சொல்லும் சொல்லாமலே ஊர் திரும்பினோம். தாத்தாவிடம் அழ முடிந்த நமக்கு, வயதொத்த அவன்முன் தலைகுனிய மனம் வரவில்லை. குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகள் கழிந்தபின்பே அவ்வூருக்குச் சென்றோம். பாய்கள் மறைந்து இயந்திரங்கள் வந்திருந்தன. அவர் தம் படகின் அருகே நின்றிருந்தார். நாம் தயங்கித் தயங்கி மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்தார். "அந்த மாட்டு முடிச்சுதான சாமி? விருந்தாளியத் திட்டு வாங்க விடலாமா?" என்றார். நாம் அவரை விட்டு விலகிப் படுத்த இரவை அவரும் மறந்திருக்கவில்லை என்பது அவர் கண்களில் தெரிந்தது. ஆயினும் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், மீன் குழம்பும் சோறும் உண்ண வீட்டுக்கு அழைத்துச் சென்றார்.

2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் பெருகி, பாய் விரித்த கட்டுமரம் அரிதாகிவிட்டது. அதற்காக நாம் கண்ணீர் வடிக்கவில்லை. இயந்திரத்தால் அவர்கள் உழைப்பு எளிதாயிற்றே. இன்று அத்தகைய முகாம் நடத்தினால், மிதவைச் சட்டையின்றி ஒரு சிறுவனையும் ஏற்ற உடன்படமாட்டோம்.

பெற்றோரே, நாம் வேண்டுவது ஒன்றே. இக்கோடையில் உங்கள் பிள்ளையைப் பத்து நாட்களேனும், உங்கள் தெருவைச் சேராத, உங்கள் தொழிலைச் செய்யாத மக்களிடையே தங்க அனுப்புங்கள். அனுப்புமுன், பிறரைப் பற்றி அவன் உங்களிடம் என்ன பாடம் கற்றிருக்கிறான் என்பதையும் சற்று எண்ணிப் பாருங்கள். பாயைச் சுருட்டிக்கொண்டு விலகிப் போகும் பழக்கம் எந்தப் பிள்ளைக்கும் பிறவியில் வருவதன்று.