ஜோடி மீன் வாங்குகிறீர்களா?

துணிக்கடைகளுக்குப் பேர்போன தங்காக்கிற்குப் போனால் பெரியவர்களுக்குத் துணி மேல் கண். பிள்ளைகளுக்கோ மீன் தொட்டி மேல் கண்! அழகான 'ராம்' மீனை ஜோடியாக வாங்கி வருகிறீர்கள். இரண்டும் ஆணாக இருந்துவிட்டால்? சின்னத் தொட்டியில் வலியது மெலியதைத் தின்ன விடாமல் விரட்டும். மெலியது சாகவும் கூடும்.

ஆகவே நீங்களே பார்த்து வாங்குங்கள். முதுகுத் துடுப்பின் முன்பகுதி நீண்டிருந்தால் ஆண் என்பார்கள். பண்ணை மீன்களில் அதை மட்டும் நம்ப முடியாது. உடல் நடுவிலுள்ள கறுப்புப் பொட்டைக் கவனியுங்கள். அதற்குள் நீலச் செதில்கள் மினுங்கினால் பெரும்பாலும் பெண். வளர்ந்த பெண்ணுக்கு வயிறு ரோஜா நிறமாக இருக்கும். குஞ்சுகளில் எதுவும் தெரியாது.

வெனிசுலா, கொலம்பியா நாட்டு மீன் இது. நாம் குழம்பு வைக்கும் திலாப்பியாவுக்குத் தூரத்து உறவு! 27 முதல் 30 டிகிரி சூடு போதும். நம் ஊரில் ஹீட்டர் செலவு மிச்சம். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் திறந்து வைத்துப் பிறகு ஊற்றுங்கள். புதுத் தொட்டியில் உடனே விட வேண்டாம். சில வாரம் பழகிய தொட்டியே நல்லது.

கொசுப்புழு என்றால் இதற்கு உயிர். அதற்காக வீட்டில் கொசு வளர்த்துவிடாதீர்கள், 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் காத்திருக்கிறது!

தட்டைக் கல் ஒன்று போடுங்கள். அதில் முட்டையிட்டுத் தாயும் தகப்பனும் சேர்ந்தே காக்கும். முதல் முட்டைகளைத் தாமே தின்றுவிடுவதும் உண்டு. தொட்டியைக் கலைக்காமல் விடுங்கள், மறுபடி இடும்.