மேடு ஏறினால்தான் சைக்கிள் பயணமா?

இத்தாலியில் சைக்கிள் என்றாலே ஆல்ப்ஸ் மலை, ஜிரோ பந்தயம் என்றுதான் நம்ம பசங்க பேசுகிறார்கள். "சமதளத்துல மிதிக்கிறதெல்லாம் ஒரு பயணமாடா?" என்று நக்கல் வேறு. எனக்கு இதில் உடன்பாடே இல்லை.

மிலானிலிருந்து பவியாவுக்கு ஒரு கால்வாய் போகிறது. பெயர் நவிலியோ பவேசே. 1819-ல் வெட்டி முடித்தது, சுமார் 33 கி.மீ. அந்தக் காலத்தில் கரையில் நடந்த கால்நடைகள் படகுகளைக் கயிறு கட்டி இழுத்தன. இப்போது அந்தக் கரையில் சைக்கிள் பாதை. தண்ணீர் போகிற வழியில் மேடு ஏது? வழியெங்கும் நெல்வயல் (ஆமாங்க, நெல்லேதான்!). பவியாவை நெருங்கும்போது, 1396-ல் கட்டத் தொடங்கிய செர்தோசா மடம்.

இதெல்லாம்கூட எனக்கு இரண்டாம்பட்சம்தான். ஒரு பாட்டியோ பத்து வயசுப் பொடியனோ சைக்கிளை எடுக்கப் பயப்படுவது தூரத்துக்காகவா? முதுகுக்குப் பின்னால் சீறி வருகிற காருக்காகத்தானே! இங்கே கார்கள் பக்கத்து நெடுஞ்சாலையில் ஓடுகின்றன. கரைப்பாதையின் பெரும்பகுதியில் அவற்றுக்கு வேலையில்லை. தார்ச்சாலை ஓரம் வெள்ளைக்கோடு போட்டுவிட்டு 'சைக்கிள் பாதை' என்று பீற்றிக்கொள்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்க்கட்டும்.

மலை ஏறுவது வீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது காலில் தெம்புள்ள நாலு பேருக்கு. கால்வாய்க் கரை எல்லோருக்கும். எது பெரிய பயணம்? நீங்களே சொல்லுங்க.