லிட்டர் சரிதான், உள்ளே இருப்பது என்ன?

ராஜகுளத்தில் ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். விவசாயி. ஸ்கூட்டர் வைத்திருக்கிறார்.

"தம்பி, நீங்கள் பத்திரிகைக்காரர். இதைக் கேளுங்கள். அதே வண்டி, அதே ரோடு. முன்பு ஒரு லிட்டருக்குப் போன தூரம் இப்போது போகவில்லை. அளவில் கை வைக்கிறார்களா?"

"அளவு குறையாவிட்டாலும் தூரம் குறையும் ஐயா" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஒரு லிட்டர் என்றால் ஒரு லிட்டர்தானே?"

அங்கேதான் விஷயமே இருக்கிறது!

கடலையும் கடுகும்

ஒரு படி கொண்டைக்கடலையும் ஒரு படி கடுகும் எடுங்கள். ஒன்றாகக் கொட்டிக் கலந்து, மறுபடி அளந்து பாருங்கள். இரண்டு படி வராது. கடலையின் சந்துகளில் கடுகு புகுந்துகொள்ளும்.

திரவங்களும் ஏறக்குறைய இப்படித்தான். 50 மில்லி ஆல்கஹாலையும் 50 மில்லி தண்ணீரையும் சேர்த்தால் 100 மில்லி வராது. 96 அல்லது 97 மில்லிதான் இருக்கும். எதுவும் சிந்தவில்லை, எடை சரியாகவே இருக்கும். கன அளவுதான் சுருங்கியது.

எல்லாக் கலவையும் சுருங்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பென்சீன், சைக்ளோஹெக்சேன் என்று இரண்டு திரவங்கள் உண்டு. சம அளவில் கலந்தால் நூறு மில்லிக்கு அரை மில்லிக்கு மேலேயே கூடிவிடும்! ஆல்கஹாலும் பெட்ரோலும் சேர்ந்தாலும் சொற்பம் கூடும். ஆல்கஹாலின் அணுத்திரள்கள் ஒன்றையொன்று கைகோத்துக் கிடப்பவை. நடுவில் பெட்ரோல் புகுந்தால் கை விலகுகிறது, இடம் கூடுகிறது.

இதனால்தான் விஞ்ஞானிகள் கலவைகளை வெறும் லிட்டரால் நம்புவதில்லை. மூடியில் மயிரிழைத் துளை உள்ள சிறு கண்ணாடிக் குப்பியில் நிரப்பி எடை பார்க்கிறார்கள். வெப்பத்தையும் குறித்துக்கொள்கிறார்கள். ஏனென்றால் ஒரு டிகிரி சூடு ஏறினாலே பெட்ரோல் ஆயிரத்தில் ஒரு பங்கு பெருகிவிடும்.

எடை கூடும், சூடு குறையும்

நம் பெட்ரோலில் இப்போது எத்தனால் கலக்கிறார்கள். சாராயத்தில் உள்ள அதே பொருள்தான். கரும்பு, மக்காச்சோளம், நொய்யரிசி முதலியவற்றிலிருந்து எடுக்கிறார்கள். 2025-ம் ஆண்டில் இந்தியா நூற்றுக்கு 20 பங்கு கலப்பை எட்டியது.

ஒரு லிட்டர் பெட்ரோல் 740 கிராம் என்று வையுங்கள். எத்தனால் ஏறக்குறைய 790 கிராம். ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்தால் லிட்டர் சுமார் 750 கிராம் வரும். எடை கூடிவிட்டது, லாபம்தானே என்கிறீர்களா? இல்லை. எத்தனால் எரிந்தால் பெட்ரோல் தரும் சூட்டில் மூன்றில் இரண்டு பங்குதான் தரும். எத்தனால் கலக்காத பெட்ரோலோடு ஒப்பிட்டால் லிட்டருக்கு நூற்றுக்கு 6, 7 பங்கு சக்தி குறைவு.

நான் எத்தனாலுக்கு விரோதி அல்ல. அந்நியச் செலாவணி மிச்சம். கரும்பு போடுகிறவருக்கு வரும்படி. ஆனால் வாங்குகிறவருக்குக் கணக்கைச் சொல்ல வேண்டாமா?

கேட்டால் காட்டுவார்கள்

பெட்ரோல் பங்க்கில் ஒரு கண்ணாடி ஜாடியும், மிதக்கும் ஹைட்ரோமீட்டரும், வெப்பமானியும் இருக்கும். பால் சொசைட்டி லாக்டோமீட்டரின் உடன்பிறப்பு என்று சொல்லலாம். அன்றைய அடர்த்தியை 15 டிகிரி வெப்பத்துக்குக் கணக்கிட்டுக் குறித்து வைக்க வேண்டும். லாரியில் வந்தபோது இருந்த கணக்குக்கும் இதற்கும் லிட்டருக்கு 3 கிராமுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகம்தான். ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரமும் உண்டு. சோதித்துக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? நானே ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன்! (வீட்டில் பெட்ரோலை வைத்துக்கொண்டு இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம்.)

ஆனால் அடர்த்தி ஒன்றே போதாது. கனமான மண்ணெண்ணெயையும் லேசான நாப்தாவையும் பக்குவமாகச் சேர்த்தால் ஹைட்ரோமீட்டரே ஏமாறும். அதனால்தான் கொதிநிலை முதலியவற்றைப் பார்க்க அதிகாரிகள் மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள்.

அந்த வேலை விளையாட்டல்ல. மஞ்சுநாத் சண்முகம் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் விற்பனை அதிகாரி. வயது 27. 2005 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கலப்பட பங்க் மீது நடவடிக்கை எடுத்ததுதான் அவர் செய்த குற்றம்!

கள்ளக் கலப்படத்தைப் பிடிக்க ஓர் இளைஞர் உயிரையே கொடுத்தார். சட்டப்படி நடக்கும் கலப்பை நமக்குத் தெளிவாகச் சொல்வதில் சர்க்காருக்கு என்ன கஷ்டம்? "இதில் எத்தனால் இவ்வளவு, மைலேஜ் இவ்வளவு குறையலாம்" என்று தமிழில், பெரிய எழுத்தில், பம்ப் மீதே எழுத வேண்டும்.

விலையும் இருக்கிறது. சக்தி குறைவதால் இந்தப் பெட்ரோலைக் குறைந்த விலைக்கு விற்க வேண்டும் என்று 2021-ம் ஆண்டிலேயே நிதி ஆயோக் அறிக்கை யோசனை சொன்னது. எத்தனாலின் கொள்முதல் விலையே ஏறிவிட்டது என்று 2025-ல் பெட்ரோலிய அமைச்சகம் பதில் சொன்னது. அது எண்ணெய்க் கம்பெனிகளின் கணக்கு. ராஜகுளத்துப் பெரியவர் கேட்பது தம் ஸ்கூட்டரின் கணக்கு.