சம்பளம் இல்ல... சட்டம் உண்டு!

சம்பளம் கிடையாது, மேனேஜர் கிடையாது. உலகம் முழுக்கச் சிதறிக்கிடக்கிற தன்னார்வலர்கள் சேர்ந்து ஒரு சாஃப்ட்வேர் செய்றாங்க. 'இதை இப்படித்தான் செய்யணும்'னு அங்கே யாராவது சொன்னா, யாருப்பா கேட்பாங்க?

1993-ல் பிறந்த டெபியன் லினக்ஸைப் பாருங்க. எந்த வேலையையும் செஞ்சே ஆகணும்னு அங்கே யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. அவங்க சாசனமே அப்படித்தான் சொல்லுது. ஆனா, முடிவான விதிக்குக் குறுக்கே நிற்கவும் கூடாது. கம்ப்யூட்டர் முழுமைக்குமான செட்டிங்ஸ் ஃபைல் எல்லாம் 'இ.டி.சி' ஃபோல்டர்லதான் இருக்கணும்ங்கிறது ஒரு விதி. யார் செஞ்ச புரோகிராமா இருந்தாலும் செட்டிங்ஸை எங்கே தேடணும்னு உங்களுக்குத் தெரியும். விதியோட லாபம் அதுதான்!

சண்டை வராமலா? கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் மத்த புரோகிராம்களை எழுப்பிவிடுற வேலையை எதுக்குக் கொடுக்கறதுன்னு 2014 பிப்ரவரியில டெக்னிக்கல் கமிட்டியில ஓட்டெடுப்பு. எட்டுப் பேர்... நாலுக்கு நாலு! தலைவரோட முடிவு ஓட்டுல 'சிஸ்டம்-டி' ஜெயிச்சது. ஏத்துக்காத சிலர், அதே வருஷம் பிரிஞ்சுபோய் 'டெவுவான்'னு தனிக்கடை போட்டாங்க. ஓப்பன் சோர்ஸ் ஆச்சே, யார் தடுக்க முடியும்?

ஃபைனல் இயர் புராஜெக்ட்டுல டீம் லீடர் நீங்கதானா? ஓட்டுல ஜெயிச்சா மட்டும் போதாது பாஸ், தோத்தவனும் நாளைக்கு வேலைக்கு வரணும். விதியைச் சொல்றதுக்கு முன்னாடி காரணத்தைச் சொல்லுங்க!