கல்லீரல் பரிசோதனை முகாம்: செயற்குழுவின் நிலைப்பாடு

செமோர் கோயில் மண்டபத்தில் நடக்கவிருக்கும் முகாமில் ஹெப்பாடைட்டிஸ் பி-க்கு மட்டும் இரத்தம் எடுத்தால் போதும், சி வேண்டாம் என்று வந்த தீர்மானமும் அதைத் தொடர்ந்த வாக்குவாதமும் உறுப்பினர்களுக்குத் தெரியும். இரண்டையும் பார்க்க வேண்டும் என்பதே செயற்குழுவில் பெரும்பான்மையோரின் முடிவு. எதிர்த்தவர்களின் நல்லெண்ணத்தில் எங்களுக்குச் சந்தேகமில்லை. அவர்கள் சொன்ன காரணத்தை மட்டும் ஏற்க முடியவில்லை.

ஹெப்பாடைட்டிஸில் பி, சி தவிர ஏ, ஈ கிருமிகளும் உண்டு; அவை தண்ணீர், சாப்பாடு வழியே வருபவை. கர்ப்பிணிகளுக்கு ஈ உயிராபத்து. கண் மஞ்சளானதைப் பார்த்து எந்தக் கிருமி என்று சொல்லிவிட முடியாது. ஆகவே காமாலை வந்தவர்கள் கீழாநெல்லியோடு நின்றுவிடாமல், இயன்றவரை உடனே கிளினிக்குப் போய் எந்தக் கிருமி என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பி-க்கான தடுப்பூசி நம் மலேசியக் குழந்தைகளுக்கு 1989-இல்தான் வந்தது. அதற்கு முன் லயத்தில் பிறந்த நாம் எல்லாரும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

சண்டை சி-யைப் பற்றித்தான். “அது போதை ஊசிக்காரன் நோய், நம் பெயர் கெட்டுவிடும்” என்கிறார்கள். ஊசி வழியே அதிகம் பரவுகிறது என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கிருமி கண்டுபிடிக்கப்பட்டதே 1989-இல். தானமாகக் கிடைத்த இரத்தத்தில் அதைத் தேடும் பரிசோதனை இங்கே 1994-இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிரசவத்தில் இரத்தம் ஏற்றிக்கொண்ட அம்மாக்கள் நம் தோட்டங்களில் இல்லையா? கொதிநீரில் போட்டெடுத்த கண்ணாடி ஊசியை ஒருவர் மாற்றி ஒருவருக்குக் குத்திய காலத்தை மறந்துவிட்டோமா? அவர்களிடம் போய்ப் பெயர் கெடும் என்று யார் சொல்வது? போதை ஊசி போட்டுக்கொண்டவனும் நம் வீட்டுப் பிள்ளைதான். மானத்துக்குப் பயந்து அவனைச் சாகவிட இந்தச் செயற்குழு கையெழுத்துப் போடாது.

சி பெரும்பாலும் காமாலையே காட்டாது. இருபது, முப்பது வருஷம் சத்தமில்லாமல் கல்லீரலைக் கெடுத்து, வயிற்றில் நீர் கோத்த பிறகுதான் தெரியும். மருந்து இல்லாத நோய் என்றாலாவது ஒளிப்பதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் 2017 செப்டம்பரில் அரசாங்கம் காப்புரிமையை மீறும் உரிமையைத் தானே எடுத்துக்கொண்டு, சி-க்கான சொஃபோஸ்புவிர் மாத்திரையைக் குறைந்த விலையில் வாங்க வழி செய்தது. இன்று அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கொடுக்கிறார்கள். பெரும்பாலோர் 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் போதும், குணமாகிவிடுகிறது. இதை வேண்டாம் என்று தள்ளத்தான் தீர்மானமா?

பெயர் வெளியே போகும் என்ற அச்சம் நியாயமானது. முன்பு ஒரு முகாமில் பதிவு நோட்டை மேசையில் விரித்துப் போட்டிருந்தார்கள். சில பெயர்களைச் சுற்றிச் சிவப்புப் பேனா வட்டம். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் படித்தார்கள். அது மீண்டும் நடக்க விடமாட்டோம். இம்முறை எண் மட்டுமே எழுதப்படும். முடிவை மூடிய அறையில், தாதி நேரில் சொல்வார்.

மண்டபம் கிடைக்காவிட்டால் தாமான் திடலில் பந்தல் போட்டு முகாம் நடக்கும். அதற்கு அனுமதி கேட்கும் கடிதத்தைச் செயலாளர் இந்த வாரமே அனுப்புவார்.