அணைக்கு உண்டு கணக்கு, கூலிக்காரன் வீட்டுக்கு?

"இந்தப் பாறை கூட ஆடுமா தோழர்?" என்று விராலிமலை டீக்கடையில் ஒரு விவசாயத் தொழிலாளி என்னிடம் கேட்டார். மயில் உலாவும் மலையைக் காட்டித்தான் கேட்டார். கோய்னாக்காரர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பியிருந்தார்கள். தக்காணத்துப் பாறை அசையாது என்பதே அன்று படித்தவர்களின் அபிப்பிராயமும்.

1967 டிசம்பர் 11 அன்று விடியுமுன் அந்தப் பாறை ஆடியது. மகாராஷ்டிரத்தில் சாத்தாரா ஜில்லா, கோய்னா அணை. 103 மீட்டர் உயரமுள்ள அணையில் வெடிப்பு விழுந்தது; ஆனால் அணை நின்றது. நிற்காதவை கோய்னா நகரின் கல் வீடுகள். ஏறக்குறைய 180 பேர் மாண்டார்கள்.

அணையின் உள்நடையில் அதிர்ச்சியைப் பதிவு செய்யும் கருவி ஒன்று இருந்தது. அணை கட்டியவர்கள், அணையின் எடையில் நூற்றுக்கு 5 பங்கு விசை பக்கவாட்டில் தள்ளும் என்று கணக்கிட்டிருந்தார்கள். கருவியில் பதிந்த உச்சமோ பூமியின் ஈர்ப்பில் நூற்றுக்கு 63! உச்சம் கண நேரமே நிற்பது, ஆகவே இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தக் கூடாதுதான். ஆனாலும் பழைய கணக்கு போதாது என்பது வெட்டவெளிச்சமாயிற்று.

பிறகு விஞ்ஞானிகள் சும்மா இருக்கவில்லை. காசி இந்து சர்வகலாசாலையில் படித்து, அமெரிக்காவில் பெர்க்லியில் பேராசிரியரான அனில் சோப்ரா, சக்ரபர்த்தி என்பவருடன் சேர்ந்து 1973ல் 'ஈ.ஏ.டி.எச்.ஐ.' என்ற கம்ப்யூட்டர் புரோகிராமை ஆக்கினார். நிறைகுடம் சுமந்து வரும் நம் பெண்களுக்கு அதன் சூட்சுமம் தெரியும். குடம் ஆடும்போது உள்ளே தண்ணீரும் ஆடிக் குடத்தை இழுக்கும். அணையோடு சேர்ந்து தேங்கிய நீரும் ஆடுவதை அந்தப் புரோகிராம் கணக்கில் எடுத்தது. அதுவும் முழுமையல்ல என்று கண்டு, 1984ல் ஃபென்வஸ் என்பவரும் சோப்ராவும் 'ஈ.ஏ.ஜி.டி.-84' கொண்டுவந்தார்கள். அணைக்கு அடியிலுள்ள பாறை இளகிக் கொடுப்பது, கண்மாய் வண்டலைப் போல நீருக்கடியில் படிந்த மண் அதிர்வை விழுங்குவது, இவையும் கணக்கில் ஏறின. ஒவ்வொரு பதிப்பும் முந்தியதன் பிழையை ஒப்புக்கொண்டு திருத்தியது. கோய்னாவில் பதிந்த அந்த அதிர்வு இன்றும் உலகெங்கும் அணைக் கணக்குகளுக்கு உரைகல்லாக இருக்கிறது.

இதை நாம் குறை சொல்லவில்லை. அணை உடைந்தால் முதலில் சாவது கீழே குடியிருக்கும் ஏழைகளே. நாம் கேட்பது வேறு. கருவி அணைக்குள் இருந்தது. அணைக்குக் கணக்கு பிறந்தது. செத்தவர்களின் வீட்டுக்கு எத்தனையாவது பதிப்பு வந்தது?

1993 செப்டம்பர் 30. அதே மகாராஷ்டிரத்தில் லாத்தூர் ஜில்லா, கில்லாரி. கணபதி ஊர்வலம் முடித்துத் தூங்கியவர்களின் மேல், சேறு வைத்துக் கட்டிய கற்சுவரும் கனத்த மண் கூரையும் விழுந்தன. ஏறக்குறைய 8,000 பேர் பலி. சர்க்கார் வரைபடத்தில் அந்தப் பகுதி முதல் மண்டலம், அதாவது அபாயம் மிகக் குறைந்தது! 2002ல் திருத்திய வரைபடத்தில் முதல் மண்டலத்தையே எடுத்துவிட்டு இரண்டாவதோடு சேர்த்தார்கள். அந்த வரைபடத்தில் நம் புதுக்கோட்டை இருப்பதும் அந்த இரண்டாவதில்தான். "கடைசி மண்டலம், பயமில்லை" என்று ஒப்பந்தக்காரர் சொன்னால் கில்லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூரே ஆடியிருக்கிறது.

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வேண்டியதில்லை. சுவரின் இருபுறத்தையும் பிணைக்கும் நீளக்கல், கதவு ஜன்னலுக்கு மேலே நாற்புறமும் சுற்றி ஓடும் கம்பிப்பட்டை. இவற்றை இந்திய தர நிர்ணய அமைவனம் 1993லேயே எழுதி வைத்திருக்கிறது. எந்தக் கொத்தனாரும் செய்யக்கூடிய வேலை. கொஞ்சம் கம்பி, கொஞ்சம் சிமெண்டு அதிகம். அந்தக் கொஞ்சத்தைத்தான் மிச்சம் பிடிக்கிறார்கள்! மில்லைச் சுற்றி வரிசையாக எழும்பும் வாடகை அறைகளைப் பாருங்கள்; ஜன்னலுக்கு மேல் துண்டுப் பலகைக் கல், அதன்மேல் தகரம். கம்பி தெரியப் பெயர்ந்து நிற்கும் பழைய தொகுப்பு வீடுகளின் கூரையையும் பாருங்கள். அவை இடிந்து விழ பூகம்பம் வரவேண்டும் என்பதுகூட இல்லை.

மே 1 கிராம சபையில் நம் தோழர்கள் இதைத் தீர்மானமாக எழுப்ப வேண்டும். புதிதாக ஒதுக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் சுற்றுப்பட்டை போடப்பட்டதா என்று ஒன்றிய இஞ்சினீயர் நேரில் பார்த்து, கூரை போடும் முன்பே எழுதிக் கொடுக்கட்டும். அந்தக் காகிதத்தின் நகல் வீட்டுக்காரரின் கையில் இருக்கட்டும்.